உதடு ஒன்று, சொல் இரண்டு

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலம்தானே? இந்த நாட்களில் 'நலம்' என்று எழுதவே கை கூசுகிறது. மை காய்வதற்குள் பக்கத்தில் யாராவது தும்மிவிடுகிறார்கள்.

ஊரெல்லாம் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது கம்பெனி எனக்கு மட்டும் ஒரு பாஸ் கொடுத்து வெளியே துரத்தியிருக்கிறது. "ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னா ஆஸ்பத்திரியே நின்னுடும்யா" என்றார் மேனேஜர். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே வந்த பிறகுதான், எல்லாரும் பயந்து ஓடுகிற இடத்துக்கு என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார் என்பது உறைத்தது. லிஃப்ட் என்பது என்ன? பத்துப் பேர் விட்ட மூச்சை அடைத்து வைத்த தகர டப்பா. அதற்குள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உன் தம்பி.

லாட்ஜில் நான் ஒருவன்தான். டிவி ரிமோட்டை பாலிதீன் பைக்குள் போட்டு முடிந்து வைத்திருக்கிறேன். கதவை முழங்கையால் தள்ளுகிறேன். லிஃப்ட் பட்டனைச் சாவியால் அமுக்குகிறேன். நேற்று பழக்கதோஷத்தில் அதே சாவியால் காதைக் குடைந்துவிட்டேன். காதுக்குள் சானிடைசர் விடலாமா என்று வெகுநேரம் யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். போர்வைக்குள் ஆவி பிடித்தால் லாட்ஜ்காரர் கதவைத் தட்டி, "சார், உள்ள பீடியா?" என்கிறார்.

மருந்துக்கடையில் மாமா இருக்கும்போது கண்டவன் யோசனையைக் கேட்பானேன்? வெளியூர் போகிறவன் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரைக் கேட்டு எழுது. போனில் கேட்டால், "மாப்ளே, நல்லா இரு" என்று வைத்துவிடுகிறார். வீடியோவில் பேசலாம் என்றால், என் உதட்டை மீசை மறைக்கிறது, மீதியை சிக்னல் மறைக்கிறது என்று நீ அலுத்துக்கொள்கிறாய். ஆகவே தபால்.

வெந்நீரும் கவலையுமாக,
தம்பி

மே 2

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் காது சௌக்கியமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா சொன்னது: சுடச்சுடச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, கையைக் கழுவாமல் மூக்குக்குக் கொண்டுபோகாதே. பஸ்ஸில் யாருக்கும் எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்காராதே, முன்னாலும் உட்காராதே. அப்போ எங்கேதான் உட்கார்றது என்றேன். "நின்னுக்கிட்டே போகச் சொல்லு" என்கிறார். காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைப் பொட்டலம், தெர்மாமீட்டர் எல்லாம் கட்டி அனுப்பியிருக்கிறார். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு கதை பேசாதே என்று தனியாகச் சொல்லச் சொன்னார். உன்னை அவருக்குத் தெரியும்.

நான் மாஸ்க் தைக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அந்த மூடி இப்போது நம் வீட்டுத் தையல் மெஷினில்தான் தயாராகிறது. என் கூத்தைப் பார். காய்ச்சலில் காது போனதிலிருந்து உதட்டைப் பார்த்தே காலம் தள்ளினவள், இப்போது ஊரார் உதட்டையெல்லாம் நானே தைத்து மூடுகிறேன். கடைக்குப் போனால் எல்லாருக்கும் கண் மட்டும்தான் இருக்கிறது. கண் என்ன பேசும், திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும். உதடு தெரிந்தபோதே நான் கிழித்தது உனக்குத் தெரியாததா? அடுப்பில் கொதிக்கிற குழம்பில் பல்லி விழுந்துவிட்டது என்று மாமா அலறினால், மல்லி போட்டிருக்கிறார் என்று நினைத்து ஒரு கிண்டு கிண்டிவிட்டவள்தானே. ப-வும் ம-வும் உதட்டுக்கு ஒன்றுதான்.

மாமா கடையில் இரண்டு மாஸ்க் போட்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்து குளித்ததும், அன்று ஊர் பேசியதையெல்லாம் என் எதிரே உட்கார்ந்து ஒப்பிக்கிறார். நான் "அப்புறம்? அப்புறம்?" என்று அவசரப்பட்டால், "பறக்காதே" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நடக்கிற அர்ச்சனை அது ஒன்றுதான். பால் பொங்கினாலும் பறக்காதே, பஸ் கிளம்பினாலும் பறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. நலம் என்று சொல்ல இப்போது என்னிடம் சாட்சியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர், பல் தேய்த்ததும் தெர்மாமீட்டர், மாடி ஏறினால் தெர்மாமீட்டர். இங்கே நர்ஸுகள் எனக்கு 'தெர்மாமீட்டர் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று நூற்றுநாலு காட்டியது. கை கால் ஓடவில்லை. எனக்குப் பின் என் ஸ்பேனர் செட் யாருக்கு என்பதுவரை முடிவெடுத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், சூடான டீயைக் குடித்த வாயோடு வைத்திருக்கிறேன். மாமாவிடம் சொல், வாய்விட்டுச் சிரிப்பார்.

இரண்டாவது மாடி லிஃப்ட்டில் கதவு மூட மறுக்கிறது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, மூன்று தடவை கெஞ்சினால்தான் நகர்கிறது.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. மாஸ்க் தைப்பதில் அக்கா பணக்காரியாகிவிட்டாளோ?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.
தம்பி

ஜூன் 9

அக்கா,

உன் எதிர்வீட்டு டீச்சர் போன் செய்தார். நான் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றிருந்தேன். "உங்க மாமா" என்றார். அப்புறம் அவரால் பேச முடியவில்லை.

உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்ததுகூட எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அங்கே அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் இங்கே டீயும் தெர்மாமீட்டரும் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

வர முடியவில்லை அக்கா. பாஸ் ஆஸ்பத்திரி வேலைக்கு மட்டும்தான், துக்கத்துக்குச் செல்லாது என்கிறார்கள். அதற்கும் மேல், பரிசோதனையில் எனக்கும் இருக்கிறது என்று வந்து அறைக்குள் அடைத்துவிட்டார்கள். லேசாகத்தான். பயப்படாதே. சோப்பை முகர்ந்தால் வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான்.

படுத்தால் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. வாசலில் யாராவது கூப்பிட்டால் இனி உனக்கு யார் சொல்வார்கள்?

தம்பி

ஜூலை 27

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உன் மூக்கு சரியாகிவிட்டதா?

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவர் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதே வந்துவிட்டது. படித்துக் காட்டினேன். ஸ்பேனர் செட்டுக்குச் சிரித்தார். கூடவே இருமலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. ஒரே ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. என்னைப் பார்த்து அதைக் கழற்றி ஒரு வார்த்தை சொன்னார். மறக்காதே என்று. அதற்குமேல் சொல்வதற்குள் நர்ஸ் ஓடிவந்து மாட்டிவிட்டாள்.

எதை மறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேறு எழுதுவதற்கு இல்லை. நீ உடம்பு தேறு.

அக்கா

செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தேறி, என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன். மூக்கு பாதி திரும்பியிருக்கிறது. சாக்கடை தெரிகிறது, சாப்பாடு தெரியவில்லை.

வழியெல்லாம் திறந்தாயிற்று. கிளம்பி இங்கேயே வந்துவிடு அக்கா. வீடு மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் இல்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். உனக்கென்று ஜன்னல் வைத்த அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். தையல் மெஷினை லாரியில் போட்டுவிடலாம்.

பயணத்தில் நோய் ஒட்டுமே என்று யோசிக்கிறாயோ? மாமா சொன்னதையெல்லாம் கடைப்பிடித்தே இத்தனை ஊர் சுற்றியிருக்கிறேன். ஜன்னலோரச் சீட்டு வாங்கு. கண்ணாடியைத் திறந்து வை, மழை வந்தால் நனை. வெந்நீரை ஃப்ளாஸ்கில் எடுத்துக்கொள். வழியில் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் வராதே, அது பெரிய வம்பு. பக்கத்தில் வந்து உட்காருகிறவனைப் பார்த்து ஒரு தடவை இருமு. எழுந்து போய்விடுவான். இது மட்டும் மாமா சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

உனக்காக மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ கடன்காரன் மாதிரி இருக்கிறான். நான் வந்து கூட்டி வரட்டுமா?

வழி பார்த்திருக்கும்,
தம்பி

அக்டோபர் 30

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. நீ எப்படி?

நீ வராதே. வந்தால் என்னைக் கூட்டிப் போகத்தான் வருவாய். நான் கதவைத் திறக்கமாட்டேன். மணி அடித்தாலும் எனக்குக் கேட்காது, தெரியுமே.

அவர் மறக்காதே என்றது என்னவென்று தெரியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வர முடியாது. கடைச் சாவியை முதலாளியிடம் கொடுத்தேன். மாமாவின் சட்டைப் பைகளைப் பார்த்தேன். பின்ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினேன். ஃப்ரிட்ஜில் ஒரு பெரியவருக்காக எடுத்து வைத்திருந்த ஊசி மருந்து கிடைத்தது. இதுதான் என்று ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் எப்போதோ வேறு வாங்கிப் போட்டுக்கொண்டாராம். ஆனாலும் சில நாள் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு, இதுவும் இல்லை என்று தோன்றிவிட்டது.

டீச்சர் நல்ல மாதிரி. முதலில் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேச வந்தார். நான் கையால் தடுத்துவிட்டேன். இப்போது சிலேட்டில் எழுதுகிறார். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டு வரி எழுதினால் கீழே கோடு போட்டுவிடுகிறார், கூட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மீசையை வளர்த்துக்கொள். நான் பார்க்கப் போவதில்லை.

அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நீ தேடுவதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் வேலை. உள்ளே ஆளுயரக் கண்ணாடி. தனியாகத்தானே இருக்கிறோம் என்று மாஸ்க்கை இறக்கிவிட்டு, உன் நினைவாகவே "மறக்காதே" என்று சொல்லிப் பார்த்தேன். மீசை இல்லாத உதடு, பளிச்சென்று தெரிந்தது. ஏதோ பொறி தட்டியது. "பறக்காதே" என்று சொன்னேன். அக்கா, இரண்டும் ஒன்று. ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை. மறக்காதே, பறக்காதே, மறக்காதே, பறக்காதே என்று நான் கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஃபைலும் கையுமாக ஒரு அம்மா. என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "நான் படியிலயே போய்க்கிறேன்" என்று திரும்பிவிட்டார். பன்னிரண்டு மாடி.

யோசித்துப் பார். மாமா 'மறக்காதே' என்று வசனம் பேசுகிற ஆளா? தலைவலி மாத்திரை கேட்டால்கூட, பெயரைச் சொல்லாமல் எடுத்து நீட்டுகிற மனிதர். அவர் உன்னிடம் சொல்லக்கூடியது ஒன்றுதான், பறக்காதே. வீட்டில் நீ மறந்தது ஒன்றும் இல்லை. தேட வேண்டியதும் ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டு, பஸ் ஏறு.

உன் அறைக்குத் திரைச்சீலை வாங்கப் போகிறேன். நிறம் எழுது.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ விடாமல் கார்டு மேல் கார்டாகப் போடுகிறாய். திரைச்சீலை எந்த நிறமானால் என்ன.

ப-வும் ம-வும் ஒன்று என்று எனக்கே பாடம் நடத்துகிறாய். இத்தனை வருஷம் வாயைப் பார்த்துப் பிழைத்தவளுக்கு அது தெரியாதா? அவர் உதடு அசைந்த அந்த நொடியே இரண்டு சொல்லும் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று நீ யோசிக்கவில்லை.

அன்று கண்ணாடிக்கு வெளியே நான் சும்மா நிற்கவில்லை. அவரை அந்தக் கோலத்தில் பார்த்ததும் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தேன். கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. வராந்தாவில் இருந்தவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள், கத்தியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் கை முகத்துக்குப் போயிற்று.

மறக்காதே என்றால், அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, கழற்றினார். பறக்காதே என்றால், என்னை அடக்குவதற்காகக் கழற்றினார். மறுநாள் காலை போய்விட்டார். அந்த ஒரு நிமிஷத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறக்காதே என்று வைத்துக்கொண்டால் தேடிக்கொண்டாவது இருக்கலாம். அதைத்தான் நீ பிடுங்கிவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை. தெரியாமல் செய்தாய்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் கூத்தடித்ததை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டாக்டர் சொன்னதையே நீ நம்பவில்லை, நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. எனக்குத் தெரிந்தது என் வேலை மட்டும்தான். அதிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். தனியாக மாட்டினவன் அலறுவான். கதவை உதைப்பான், சாமியைக் கூப்பிடுவான், என் அம்மாவைத் திட்டுவான். ஒரு தடவை அப்படித்தான் ஒருவர் உள்ளே கதறிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு அவர் சம்சாரம் வந்து வெளிப்பக்கம் கதவில் விழுந்து அழ ஆரம்பித்தார். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. எனக்கே பகீரென்றது. பிறகு அந்த ஆள் மெதுவாகப் பேசுகிறார்: "ஏம்மா அழற, ஒண்ணுமில்ல, ஃபேன் ஓடுது, நீ போய் உக்காரு." ஃபேன் ஓடவில்லை. எனக்குத் தெரியும், கரண்டே இல்லை. கதவைத் திறந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைத் தாண்டி அந்த அம்மாவைத்தான் முதலில் பார்த்தார்.

அதற்குப் பிறகும் பலரிடம் பார்த்துவிட்டேன் அக்கா. வெளியே தன் ஆள் தவிப்பது தெரிந்துவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. அதன்பிறகு அவனுக்குப் பயப்பட நேரம் இல்லை.

மாமா அந்தக் கட்டிலில் எத்தனை நாள் தனியாக இருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தலையிலிருந்து கால்வரை உறை. பேர் சொல்லிக் கூப்பிட ஒரு முகம் கிடையாது. அன்றுதான் நீ வந்து நின்றாய். நீ பறந்தாய். அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் நோயாளியாக இல்லை. உன் வீட்டுக்காரராக இருந்தார்.

இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. வா என்று இனி எழுதமாட்டேன்.

தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

நலம். தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று. கை இரண்டு நாள் வீங்கியிருந்தது, தையலுக்கு உட்காரவில்லை.

உன் கடிதம் மெஷின் மேலேயே இருக்கிறது. நீ சொன்னது நிஜமாக இருக்கலாம். எனக்காக நீ உட்கார்ந்து தைத்த சட்டையாகவும் இருக்கலாம். அளவு சரியாகத்தான் இருக்கிறது. போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளைக்கு வந்து இறங்குவேன். மெஷின் பிறகு வரட்டும். ஃப்ளாஸ்க் எடுத்துக்கொள்கிறேன். யாரைப் பார்த்தும் இருமமாட்டேன்.

இன்று காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாஸ்க்குக்குள் ஏதோ கேட்டார். காது கேட்காது என்று தொட்டுக் காட்டினேன். நல்ல மனிதர், உடனே அவர் கை மாஸ்க்குக்குப் போயிற்று. வேண்டாம் என்று நான் கையை நீட்டிக் காட்டினேன், மெதுவாகத்தான். அவர் ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். 'ஒருத்தரா, ரெண்டு பேரா?'

வெளி ஆளிடம் வாய் திறந்து எத்தனையோ நாளாகிவிட்டது. சத்தத்தை எவ்வளவு வைப்பதென்று மறந்துபோயிருந்தது. ஒருத்தர் என்றேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா